தலையைத் தூக்காதேன்னு சொல்லிச் சொல்லியே இடுப்பை உடைக்கிறாங்க

போன வாரம் மட்டும் மூணு பேர். மூணு பேருக்கும் கீழ் முதுகு, மூணு பேரும் மொட்டை மாடில நெட் கட்டி கோல்ஃப் பழகறவங்க, மூணு பேரும் சொன்னது ஒரே விஷயம். "பந்து சரியா படலம்மா, தலையைத் தூக்கிடறேன்னு சொன்னாங்க, அதான் தலையைப் பிடிச்சு வச்சு அடிச்சேன், மறுநாள் எழுந்திருக்க முடியல." பாண்டிச்சேரில 14 வருஷமா பிசியோதெரபிஸ்டா இருக்கேன். வாலிபால் முட்டி, கிரிக்கெட் தோள்பட்டை எல்லாம் பழகிப்போச்சு. கோல்ஃப் முதுகு இவ்வளவு வரும்னு நினைக்கவே இல்ல. 2021 ஒலிம்பிக்ஸ் கோல்ஃப்ல நம்ம அதிதி அசோக் நாலாவது வந்தப்போ காலங்காத்தால டிவி முன்னாடி உக்காந்தவங்கள்ல நிறைய பேருக்கு அப்பத்தான் ஆசை வந்துச்சு. ஆசை வந்தது சந்தோஷம்தான், நான் யாரையும் ஆட வேணாம்னு சொல்லல.

அந்த மூணாவது ஆளைப் பத்தி சொல்றேன். லாஸ்பேட்டை, 61 வயசு, பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர். வெளிநாட்டுல இருக்கற பையன் ஒரு செட் கிளப், அதான் பந்தடிக்கற மட்டை, வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கார். தினமும் 200 பந்து. ஆட்டோல இருந்து இறங்கும்போதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால இடது இடுப்பைத் தாங்கிக்கிட்டுதான் இறங்கினார். வலி கொஞ்சம் அடங்கி, ரெண்டு நாள் கழிச்சு வந்தப்போ க்ளினிக்ல கிடந்த குடையைக் கையில குடுத்து, மெதுவா எப்படி அடிப்பீங்கன்னு காட்டுங்க சார்னேன். காட்டினார். பின்னாடி தூக்கினது பரவாயில்ல. கீழ வந்து பந்து இருக்கற இடத்தைத் தாண்டினதும் தாடை நெஞ்சோட ஒட்டிக்கிச்சு, கண்ணு அந்த டைல்ஸையே முறைச்சுக்கிட்டு இருக்கு, கையும் குடையும் மட்டும் இடது பக்கம் போகுது, வயிறு முன்னாடி தள்ளி முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது, மூச்சை வேற பிடிச்சு வச்சிருக்கார். "பாத்தியாம்மா, தலை அசையவே இல்ல"ன்னு சொல்லிட்டு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டார்.

அவர் மேல எனக்குக் கோவமே இல்ல. சொல்லிக் குடுத்தவங்க மேலதான்.

இந்தத் தலை விஷயத்தை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறேன், பொறுத்துக்கோங்க. பந்தோட தலையில பட்டு தரையோட தரையா உருண்டு போச்சுன்னா உடனே பக்கத்துல நிக்கறவர் "தலையைத் தூக்கிட்ட"ம்பார். ஆனா நிஜத்துல நடந்தது என்னன்னா, கீழ இறக்கும்போது இடுப்பு பந்துப் பக்கமா முன்னாடி தள்ளுது, குனிஞ்சிருந்த நெஞ்சு நிமிருது, இல்லேன்னா எடை பூரா வலது கால்லயே நின்னுடுது, இல்லேன்னா கை மடங்கி உள்ள இழுக்குது, அதனால கிளப் போய் சேர வேண்டிய அடி மட்டம் மாறிப்போகுது. நெஞ்சு நிமிர்ந்தா தலையும் கூடத்தான் மேல போகும், தலை என்ன தனியாவா நிக்கும்? வீடியோவை நிறுத்திப் பாத்தா தலை மேல இருக்கறது தெரியுது, உடனே அதுதான் குத்தவாளின்னு முடிவு பண்ணிடறாங்க. இன்னொண்ணும் யோசிங்க. கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கற நேரம் ஒரு செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. பந்து பட்டதுக்கு அப்புறம் நீங்க தலையைப் பிடிச்சு வச்சாலும் விட்டாலும் பந்துக்கு அது தெரியவே தெரியாது, அது கிளம்பிப் போயிடுச்சு. ஆனா உங்க முதுகுக்குத் தெரியும். வேகமா சுத்திக்கிட்டு வர்ற உடம்புக்கு மேல்முனையில தலையைப் பூட்டி வச்சா நெஞ்சு நின்னுடும், கை நிக்காது, அந்த மிச்ச சுத்தல் எல்லாம் போய் விழற இடம் கீழ் முதுகு.

ஆனிகா சோரன்ஸ்டாம்னு ஸ்வீடன்காரங்க, எல்பிஜிஏங்கற பெண்கள் ப்ரொஃபஷனல் டூர்ல 72 பட்டம், அதுல 10 மேஜர், அதாவது பெரிய போட்டிங்க. அவங்க ஸ்விங்கை, அதான் கிளப்பை வீசற விதத்தைப் பாருங்க, பந்து படற நேரத்துலயே முகம் இலக்குப் பக்கம் திரும்ப ஆரம்பிச்சிருக்கும். அமெரிக்க ஆட்டக்காரர் டேவிட் டுவாலும் அப்படித்தான். அதுக்காக நீங்களும் அப்படியே காப்பி அடிங்கன்னு சொல்லல, அது வேற தப்பு. அடிச்சதுக்கு அப்புறம் தலையை நெஞ்சோட சேத்து போக விடுங்க, அவ்வளவுதான்.

கீழ் முதுகுல இருக்கற அஞ்சு எலும்பும் சேந்து ஒரு பக்கமா சுத்தறது மொத்தமே 10, 15 டிகிரிக்குள்ளதான். ப்ரொஃபஷனல் ஆளுங்க தோளை 90 டிகிரி திருப்பறாங்கன்னா அதுல பெரும்பங்கு இடுப்பு மூட்டும் மேல் முதுகும் குடுக்கறது. ஸ்விங்ல கீழ் முதுகு மேல இறங்கற அமுக்கம் உடம்பு எடையில 8 மடங்கு வரைக்கும் போகும்னு 1990லயே அளந்திருக்காங்க, 70 கிலோ ஆளுக்கு 500 கிலோவுக்கு மேல, அதை ஒரு நாளைக்கு 200 தடவை. டைகர் வுட்ஸ் 2014ல இருந்து மூணு முதுகு ஆபரேஷன் பண்ணி, 2017ல நாலாவதா கீழ் எலும்பு ரெண்டை ஒண்ணா சேத்து வச்சப்புறம்தான் 2019ல மாஸ்டர்ஸ்ங்கற மேஜர் போட்டியை ஜெயிச்சார். அவருக்குப் பின்னாடி ஒரு டீமே இருந்துச்சு. நம்ம பின்னாடி வாட்டர் டேங்க்தான் இருக்கு.

இங்க நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் சொல்ற ஒரு பதில் இருக்கு. "நான் சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிடறவன், என் இடுப்பு நல்லாத்தான் இருக்கு." சம்மணம் போடறப்போ தொடை வெளிப்பக்கமா சுத்துது. கோல்ஃப்ல அடிச்சு முடிக்கும்போது இடது தொடை மேல இடுப்பு சுத்தணும், அதுக்கு உள்பக்கச் சுத்தல் வேணும் (வலது கைக்காரங்களுக்கு சொல்றேன், இடது கைக்காரங்க மாத்திப் படிச்சுக்கோங்க). ரெண்டும் வேற வேற. சம்மணம் சுலபமா வர்ற நிறைய பேருக்கு உள்பக்கம் பூட்டு போட்ட மாதிரி இருக்கறதை நான் தினம் பாக்கறேன். வீட்டுலயே பாக்கலாம்: நாற்காலில நேரா உக்காருங்க, ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு கைமுஷ்டி அளவு துணியை வைங்க, தொடை அசையாம இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கமா தள்ளுங்க. ஒரு சாணாவது போகணும். லாஸ்பேட்டைக்காரருக்கு நாலு விரக்கடை கூட போகல, அதுக்குள்ள இடுப்பே ஒரு பக்கம் தூக்கிடுச்சு. அந்த இடுப்பை வச்சுக்கிட்டு எந்த வீடியோவைப் பாத்து அடிச்சாலும் முதுகுதான் கடன் குடுக்கணும்.

அவருக்கு நான் சொன்ன மாத்தம் ரெண்டே ரெண்டுதான். நிக்கும்போதே இடது பாதத்தை இலக்குப் பக்கமா ஒரு 25 டிகிரி திருப்பி வைங்க. பின்னாடி தூக்கும்போது இடது குதிகால் லேசா எழும்பினா எழும்பட்டும், இடுப்பும் கூட திரும்பட்டும், கீழ் உடம்பை இறுக்கிப் பூட்டி தோளை மட்டும் முறுக்காதீங்க. அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் குதிகாலைத் தூக்கித்தான் 18 மேஜர் ஜெயிச்சார். இதுக்கு மேல ஸ்விங்கை மாத்தறது கோச் வேலை, நான் கை வைக்க மாட்டேன். ஆனா கோச்சுங்களும் ஒரு ஆளோட இடுப்பை உக்கார வச்சுப் பாக்காம ஸ்விங்ல கை வைக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

அப்புறம் இந்த வீடியோ. மச்சான் ஒரு பக்கமா சாஞ்சு நின்னு எடுத்த வீடியோல கோடு போட்டு ஆராய்ச்சி பண்ணாதீங்க, கோணம் கொஞ்சம் தப்பினா கோடு பூரா பொய். நேர் எதிர்ல ஒண்ணு, கைக்குப் பின்னாடி இலக்கைப் பாத்த மாதிரி ஒண்ணு, ரெண்டுமே கை உயரத்துல, போனை எதுலயாவது சாத்தி வச்சு எடுங்க. கீழ இறங்கற நேரமே சுமாரா கால் செகண்டுதான், சாதா மோட்ல 7, 8 ஃப்ரேம் கிடைக்கும், ஸ்லோ மோஷன் 240ல வைங்க. கிளப் வாழைநார் மாதிரி வளைஞ்சு தெரிஞ்சா பயப்படாதீங்க, அது கேமரா சென்சார் பண்றது.

சிமெண்ட் தரை மேல மெல்லிசு மேட் போட்டு அடிக்கவே அடிக்காதீங்க. பந்துக்கு முன்னாடி தரையில பட்டாலும் கிளப் வழுக்கிக்கிட்டுப் போய் பந்தை அடிச்சுடும், உங்களுக்கு நல்ல ஷாட் மாதிரி தெரியும், அதிர்ச்சி பூரா இடது மணிக்கட்டும் முழங்கையும் வாங்கும். உள்ளங்கையில சுண்டுவிரல் பக்க அடிமேடு, கிளப்போட பிடி முனை அழுத்தற இடம், அங்க அழுத்தினா வலிச்சா சுளுக்குன்னு எண்ணெய் போட்டு வழிக்காதீங்க, உள்ள கொக்கி மாதிரி ஒரு எலும்பு இருக்கு, அது உடைஞ்சா சாதாரண எக்ஸ்ரேல தப்பிச்சுடும். புதுசா பழகறவங்களுக்கு இடது விலாப் பின்பக்கம் இருமினா, மூச்சிழுத்தா குத்துச்சுன்னா நிறுத்துங்க, விலா எலும்புல விரிசல் இருக்கலாம். நெஞ்சுல பாரம், வேர்வை, இடது கை வலின்னா ஸ்விங் வலின்னு சொல்லிக்கிட்டு தைலம் தேய்க்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

200 பந்து வேணாம். 30ல ஆரம்பிங்க, சின்ன கிளப்ல, பாதி ஸ்விங்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முன்னாடி பத்து நிமிஷம் நடை. கால் மரத்துப்போச்சு, பாதம் தூக்க வரல, செருப்பு தானா கழண்டு போகுதுன்னா அன்னைக்கே டாக்டர். ஒண்ணுக்கு, ரெண்டுக்கு கட்டுப்பாடு போச்சுன்னாலோ, உக்கார்ற இடம் மரத்துப்போச்சுன்னாலோ நடு ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சி, விடியட்டும்னு இருக்காதீங்க.

எந்த பிசியோகிட்ட போனாலும் கிளப் ஒண்ணும், நீங்க போட்டு ஆடற ஷூவும் எடுத்துட்டுப் போங்க. வீடியோ இருந்தா கோடு எதுவும் போடாததைக் கொண்டுபோங்க.