தாலிக்குக் கண் இல்லை

போன ஆவணியில் ஒரு முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறார். நான் விரலை எடுக்காமல் அடித்துத் தள்ளுகிறேன். கேமராத் திரையில், தானாகக் கண்ணைத் தேடி ஃபோகஸ் செய்யும் அந்தச் சின்னக் கட்டம் ஒரு கண்ணை விடாமல் பிடித்திருக்கிறது. நிம்மதி. இரவு கணினியில் பார்த்தால், அந்தக் கண் பின்னால் நின்று அட்சதை போட்ட சித்தியுடையது! அவர் மூக்குத்திக் கல்வரை ஷார்ப். முன்னால் விரல்களும் மஞ்சள் கயிறும் மங்கல். மணமகள் தலை குனிந்திருந்தார். குனிந்த முகத்தில் கண் கிடைக்காததால் கேமரா அடுத்த கண்ணுக்குத் தாவிவிட்டது.

நல்லவேளை, மறுபக்கம் நின்ற என் உதவியாளர் தன் பழைய கேமராவில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், அதாவது கண்ணைத் தேடாமல் நாம் வைத்த இடத்தை மட்டும் பிடிக்கும் முறை, வைத்து எடுத்திருந்தார். ஆல்பம் பிழைத்தது.

“அண்ணா, இனி ஃபோகஸ் மிஸ்ஸே ஆகாது” என்று புது மிரர்லெஸ் கேமராவோடு வரும் தம்பிகளிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன். “இதெல்லாம் பொம்மை, கையால திருப்பி எடுக்கறவன்தான் போட்டோகிராபர்” என்னும் மூத்தவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. இந்தச் சண்டை பழசு. 1985-ல் மினோல்டா 7000 கேமரா வந்து, அதன் உடலுக்குள்ளிருந்த மோட்டாரே ஃபோகஸுக்காக லென்ஸைத் திருப்பியபோதும் இதே பேச்சுதான். 1987-ல் கேனான் தன் புது ஈஓஎஸ் கேமராக்களுக்காக, லென்ஸ் பொருந்தும் மவுன்ட்டையே மாற்றியது. பழைய எஃப்டி லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, காசு போனது அவர்களுக்குத்தானே.

எல்லாவற்றையும் மிஞ்சியது 2012-ல் விற்பனைக்கு வந்த லைட்ரோ கேமரா. படம் எடுத்த பிறகு எங்கே ஃபோகஸ் வேண்டுமென்று தொட்டு மாற்றலாம். ஒளியைப் பதியும் சென்சாருக்கு முன்னால் நுண்லென்ஸ்களின் வரிசை ஒன்று. ஒளி எவ்வளவு விழுந்தது என்பதோடு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் அது பதியும். ‘அப்போ நமக்கு என்ன வேலை?’ என்று பலர் பதறினார்கள். ஆனால் திசையைப் பதியவே சென்சாரின் பெரும்பகுதி செலவாகி, கைக்கு வந்த படம் ஏறக்குறைய ஒரு மெகாபிக்சல்தான். ஆல்பத்தில் அரைப் பக்கத்துக்குக்கூட இழுக்க முடியாது. 2018-ல் அந்த நிறுவனமே மூடப்பட்டது.

கண் ஃபோகஸ் அப்படிப் போகாது. குழந்தை ஓடும்போதும் மணப்பெண் நடந்து வரும்போதும் என் கையைவிட அது நன்றாகச் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முகமும் கண்ணும்தான் அதற்குத் தெரியும். தாலி, மோதிரம், மருதாணிக் கை, தாரை வார்க்கும் நீர் எதற்கும் கண் இல்லை. கூடவே நாம் லென்ஸை முழுக்கத் திறந்து வைக்கிறோம். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸின் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, 1.4-ல் வைத்து இரண்டு மீட்டரிலிருந்து எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ. கண்ணில் பிடித்தால் கை போச்சு.

அதனால் கேமராவில் ஒரு பட்டனைக் கண் கண்டறிதலை நிறுத்தும் வேலைக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஐயர் தட்டைச் சபையில் காட்டி ஆசி வாங்கி வரும்போதே அழுத்திவிடுவேன். புள்ளி நடுவில், அபெர்ச்சர் 4; திறப்பு குறுகினால் தெளிவாக விழும் ஆழம் கூடும். நாத்தனார் கடைசி முடிச்சைப் போட்டுக் கையை எடுத்த பிறகுதான் பழையபடி கண்ணுக்குப் போவேன்.

வீட்டில் பழகிப் பாருங்கள். நாற்காலி முதுகில் ஒரு கயிற்றைக் கட்டி, பின்னால் யாரையாவது நிறுத்தி, முடிச்சை எடுங்கள். கட்டம் எப்போது தாவுகிறது என்று பிடிபட்டுவிடும். எனக்கு நிற்பது அம்மா. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார், அடுப்பில் பால் இருக்கும்.