ஓக் என்கிற கருவாலி

பர்னிச்சர் கடையில் ‘ஓக் ஃபினிஷ்’ என்று தட்டிக் காட்டுவது பெரும்பாலும் துகள் பலகைமேல் ஒட்டிய அச்சுத்தாள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் ஓக் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம்.

குவெர்கஸ் பேரினத்து மரங்கள்தாம் உண்மையான ஓக். பழைய ஆங்கிலத்தில் ‘ஆக்’ என்றிருந்த சொல் இது. தமிழில் கர்வாலி. பைபிள் படித்தவர்களுக்குப் பழகிய பெயர்: கோவேறு கழுதையில் போன அப்சலோமின் தலை மாட்டிக்கொண்டது கர்வாலி மரத்தில்தான். இப்போது கருவாலி என்றும் எழுதுகிறோம். கரு, வாலி என்று பிரித்துக் கதை கட்ட ஆசை வரும், வேண்டாம்.

மரத்தைப் பார்க்காவிட்டாலும் அதன் துவர்ப்பு நமக்குத் தெரியும். குழந்தைக்கு உரைமருந்தாக இழைக்கும் மாசிக்காய், காயே அல்ல. மேற்காசியக் கருவாலிக் கிளையில் சிறு குளவி முட்டையிட, அந்த இடம் புடைத்து உருண்டையாகிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கும் அதே துவர்ப்பு மரத்தின் வைரத்திலும், அதாவது நடுக்கட்டையிலும், உண்டு. பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அண்டாததற்கு அது ஒரு காரணம். ஆனால் ஈரம் பட்ட பலகையில் இரும்பு ஆணி இருந்தால் சுற்றிலும் கருநீலக் கறை படியும். பித்தளைத் திருகாணிதான் சரி. மாசிக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து ஐரோப்பியர் நூற்றாண்டுக்கணக்கில் மை காய்ச்சியதும் இந்த வினையை வைத்துத்தான்.

கருவாலியில் ஒரு வகையான வெள்ளைக் கருவாலி கன மீட்டருக்குச் சுமார் 750 கிலோ. தேக்கைவிடக் கனம், கடினம். ஈரத்தில் உப்புவதும் தேக்கைவிட அதிகம், அதனால் நன்றாக உலர்த்தியே இழைக்க வேண்டும். அதன் வைரத்தில் நுண்துளைகளை மரமே அடைத்துக்கொள்கிறது. விஸ்கி, ஒயின் பீப்பாய்கள் ஒழுகாதது அதனால். இன்னொரு வகையான செங்கருவாலியில் துளைகள் திறந்தே இருக்கும். அதன் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதிப் பாருங்கள், குமிழி வரும். அது வீட்டுக்குள் மேசை, தரைக்கு மட்டும். கருவாலியில் கப்பலும் கட்டினார்கள்: 1765இல் பிரிட்டன் மிதக்கவிட்ட ‘விக்டரி’ போர்க்கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்கள் வெட்டினார்கள், பெரும்பாலும் கருவாலி.

கட்டையை நடுவிலிருந்து ஆரவாக்கில் அறுத்தால் பலகையில் வெள்ளிச் செதில்கள் மினுங்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் இதே மினுக்கு தெரிந்த உள்ளூர் மரங்களுக்கும் ஓக் என்று பேர் வைத்தனர். சில்வர் ஓக் அப்படி வந்தது. நம் கடற்கரைச் சவுக்குக்கும் அங்கே ‘ஷீ ஓக்’ என்றே பெயர்.