அந்தமான் ஹனிமூன்: டிக்கெட் போட்டதும் டாக்டரையும் ஒரு எட்டு பாருங்கள்

தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்து இரண்டு மூன்று வாரம் போனால், சென்னைப் புறநகரில் நான் நடத்தும் சின்ன கிளினிக்குக்குப் புதுமணத் தம்பதிகள் வர ஆரம்பிப்பார்கள். பெண்ணின் கையில் மருதாணி இன்னும் முழுதாக மங்கியிருக்காது. இருவருக்கும் மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கும். எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று கேட்கவே வேண்டாம், பெரும்பாலும் அந்தமான்தான். பாஸ்போர்ட் தேவையில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். போர்ட் பிளேரில் இறங்கியதும் தமிழிலேயே பேசி ஆட்டோ பிடித்துவிடலாம். (அந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக் 2018-லேயே ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும் மாறிவிட்டன. ஏஜென்ட்டுகள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

காது வலி, நீர்க்கடுப்பு, நிற்காத பீரியட்ஸ், வராத பீரியட்ஸ். திரும்பி வருகிறவர்கள் கொண்டுவரும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இவைதான். கிளம்புவதற்கு முன்பு கால் மணி நேரம் பேசியிருந்தாலே இவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் முன்கூட்டி வருபவர்கள் குறைவு. அப்படி வருகிறவர்களிடம் டூர் அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேட்பேன். ஏஜென்ட்டும் மாப்பிள்ளையும் வாட்ஸ்அப்பில் பேசி முடித்ததாக இருக்கும். காலை ஆறு மணிக்குப் படகு, பகல் முழுக்கக் கடற்கரை, சாயங்காலம் இன்னொரு படகு. நடுவில் அந்தப் பெண் எங்கே பாத்ரூம் போவாள் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் பீரியட்ஸ் தள்ளிப்போடும் மாத்திரை. கோயில் விசேஷம், கிரகப்பிரவேசம் என்று நம் வீடுகளில் பழகிப்போன விஷயம் என்பதால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. அம்மாவோ அக்காவோ பெயரைச் சொல்லிவிடுவார்கள், மெடிக்கலில் வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் அது நோரெத்திஸ்டிரோன். பீரியட்ஸ் வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னதாகவே தொடங்க வேண்டும், வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிறு வலிக்க ஆரம்பித்த பிறகு அவசரமாகப் போட்டால் சொட்டுச் சொட்டாகப் படத்தான் செய்யும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாத்திரை கருத்தடை மாத்திரை இல்லை. “அதான் மாத்திரை போட்டுக்கிட்டிருக்காளே டாக்டர்” என்று கணவர் சொல்வார், மனைவியும் தலையாட்டுவார். ஒரு மாதம் கழித்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல், இருவரும் பதறிக்கொண்டு வருவார்கள். குழந்தை இப்போது வேண்டாம் என்றால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆணுறை எளிது, ஊரிலிருந்தே வாங்கிப் போய்விடலாம். இல்லையென்றால் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே வந்தால், தகுதியான பெண்களுக்கு வழக்கமான கருத்தடை மாத்திரையையே இடைவெளி விடாமல் தொடரச் சொல்லி, பீரியட்ஸையும் தள்ளிவைக்கலாம். ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. கல்யாணத்துக்கு முன்பே இதைக் கேட்க வரும் பெண்ணை நான் ஏற இறங்கப் பார்க்க மாட்டேன், வேறு எந்த டாக்டரும் பார்க்கக் கூடாது. உறவுக்குப் பின் போடும் அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊரிலேயே பல மெடிக்கல்களில் ‘இல்லை’ என்றுதான் பதில் வருகிறது, தீவில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தேடி அலைய வேண்டாம்.

எல்லோருக்கும் இந்தத் தள்ளிப்போடும் மாத்திரை ஒத்துக்கொள்ளாது. காலில் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்தவர்கள், கண் முன்னே மின்னல் மாதிரி தெரிந்துவிட்டு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. என்னைக் கேட்டால், தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பீரியட்ஸ் நாளில் மென்ஸ்ட்ருவல் கப் (உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம்) வைத்துக்கொண்டு கடலில் இறங்கலாம், நீந்தலாம். ஹனிமூனில் அதை வைத்துக்கொண்டு எப்படி என்ற கேள்வி வரும். அது இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. அம்மாவும் அக்காவும் எடுக்க வேண்டிய முடிவு இல்லை.

அடுத்தது நீர்க்கடுப்பு. அந்தமான் போன மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவசரம், போனால் சொட்டு, சுரீரென்று எரிச்சல். வீட்டுக்கு போன் செய்தால் “சூடு பிடிச்சிருக்கும், இளநீர் குடி, தொப்புள்ல விளக்கெண்ணெய் வை” என்பார்கள். இளநீர் குடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் காரணம் சூடு இல்லை. பெண்களின் சிறுநீர்ப் பாதை நான்கு சென்டிமீட்டர் அளவுதான். மலக்குடலில் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா உடலுறவின்போது அந்தப் பாதைக்குள் தள்ளப்படுகிறது. நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால் அது வெளியேறிவிடும். அந்தமானில் நடப்பது நேர்மாறு. படகில் பாத்ரூம் அசிங்கமாக இருக்கும், கடற்கரையில் இருக்கவே இருக்காது என்று நினைத்துக் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். போதாததற்கு ஈர நீச்சலுடையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது புதிதாகத் தாம்பத்தியம் தொடங்கும் பெண்களுக்கு உலகம் முழுக்க வருவது. பால்வினை நோய் இல்லை, யாருடைய நடத்தைக்கும் சான்றிதழும் இல்லை. கல்யாணமான பத்தாம் நாளில் கணவன் மனைவியைச் சந்தேகமாகப் பார்ப்பதையும், மனைவி கணவனைப் பார்ப்பதையும் என் மேசைக்கு எதிரே கண்டிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். உறவுக்குப் பிறகு எழுந்து போய் சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுங்கள். படகில் ஏறுவதற்கு முன்பு, இறங்கிய பிறகு, பாத்ரூம் இருக்கும் ஹோட்டலில் சாப்பிடும்போது என்று அட்டவணையில் இடம் வையுங்கள். இதை ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவர் கணவர்.

வந்துவிட்டால் மெடிக்கலில் “யூரின் இன்ஃபெக்ஷனுக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டு வாங்கும் நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைகள் நம் நாட்டில் பலருக்கு இப்போது வேலை செய்வதில்லை, பாக்டீரியா பழகிவிட்டது. வெயிலில் தோலைக் கருக வைக்கும் குணமும் அவற்றுக்கு உண்டு. வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன, ஒரு டாக்டரிடம் போனிலாவது பேசிவிட்டு எடுங்கள். குளிர் காய்ச்சலோ, முதுகுப் பக்க விலாவில் வலியோ, வாந்தியோ சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றைய சுற்றலை ரத்து செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேரில் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை.

கல்யாணத்துக்காக முகப்பருவுக்கு மாத்திரை எடுத்த பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த மாத்திரை ஐசோடிரெட்டினாயின் என்றால், அதை நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரலாம். டாக்ஸிசைக்ளின் என்றால் அந்தமான் வெயிலில் முகம் வெந்துபோகும். இரண்டுமே தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தவைதான், ஆனால் ஹனிமூன் எங்கே என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவுக்கு வருவோம். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போகும் அறிமுக டைவ்தான் தம்பதிகள் செய்வது. ஹேவ்லாக்கில் நெமோ ரீஃப் என்ற பவளப்பாறைப் பக்கம் இது தினமும் நடக்கிறது. அதிகபட்சம் பன்னிரண்டு மீட்டர் ஆழம். ஒழுங்காக நடத்துகிறவர்களிடம் செய்தால் பயப்பட ஒன்றும் இல்லை, நானே பலரைப் போகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அழுத்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பைச் சுற்றியுள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரு மடங்காகிறது, காதுக்குள் அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்குகிறது. முதல் சில மீட்டரிலேயே மாற்றம் அதிகம், காது வலியும் அங்கேதான் தொடங்கும். வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன் செய்ய வேண்டும். வலித்தால் கையால் சைகை காட்டி நின்றுவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியவர்கள்தான் செவிப்பறையில் ரத்தக் கட்டோடு என்னிடம் வருகிறார்கள். காசு கட்டியாச்சே என்பதும், போட்டோ வேண்டுமே என்பதும் அவர்கள் சொல்லும் காரணங்கள்.

சளி பிடித்திருந்தால் டைவ் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா என்று கேட்பார்கள். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்துவிட்டால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம். அதே காரணத்தால்தான் மேலே வரும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாது என்கிறார்கள். அந்த ஒரு விதியை மீறினால் நுரையீரலே கிழியலாம்.

இறங்குவதற்கு முன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுவது நம் வழக்கம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது ஆபரேஷன், நுரையீரலில் காற்றுக் கசிந்த வரலாறு இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் மறைக்கப்பட்ட வீசிங் கதை அந்தப் படிவத்தில்தான் முதன்முதலாக வெளியே வர வேண்டியிருக்கும், அதனால் எழுதாமல் விடுகிறார்கள். மனைவி முன்னால் நிரப்பச் சங்கடமாக இருந்தால் கிளம்பும் முன்பே ஊரில் என்னைப் போன்ற ஒருவரிடம் வந்து பேசுங்கள். கர்ப்பத்திலும் டைவ் கூடாது. கல்யாணமாகிச் சில மாதம் கழித்துப் போகிறவர்கள், தேதி தள்ளியிருந்தால் ஒரு டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

அட்டவணையில் நான் முதலில் தேடுவது டைவ் எந்த நாளில் இருக்கிறது என்பதைத்தான். அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலிருந்து நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும், அது மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அங்கே போனதும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அந்த நைட்ரஜன் குமிழிகளாகலாம். அதனால் ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவிங் மருத்துவத்தின் பொது விதி. நான் சொல்வது இன்னும் எளிது: டைவை ஹேவ்லாக் போன மறுநாளே வைத்துக்கொள்ளுங்கள். ‘கடைசி நாள் காலை நார்த் பேயில் ஸ்கூபா, மதியம் ஃபிளைட்’ என்று ஒரு அட்டவணையில் அச்சடித்தே பார்த்திருக்கிறேன். டைவ் முடிந்த ஒரு நாளுக்குள் மூட்டு வலி, கைகால் மரத்தல், தோலில் வலைபோல் திட்டு, காரணமில்லாத அசதி வந்தால் விமானம் ஏறாதீர்கள், ஆக்சிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டைவ் செய்ததைச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. படகுப் பயணத்துக்கு வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், அந்த மயக்கத்தோடு டைவுக்குப் போகாதீர்கள். அங்கே சூரியன் நம் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே உதித்துவிடுவதால், எட்டு மணி வெயிலே நம் ஊர் ஒன்பது மணி வெயில். முதலை எச்சரிக்கைப் பலகை வேடிக்கைக்கு வைத்தது இல்லை. 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெலிங் (மூச்சுக் குழாய் வைத்து நீர்மட்டத்தில் நீந்துவது) செய்துகொண்டிருந்த ஒரு அமெரிக்கப் பெண்ணை உவர்நீர் முதலை கொன்றிருக்கிறது. அலையாத்திக் காடும் ஓடையும் கடலில் சேரும் இடங்களில் இறங்க வேண்டாம்.

வைகாசி, ஆவணிக் கல்யாணக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே, மே மூன்றாவது வாரவாக்கில் அந்தமானைத் தொட்டுவிடும். படகு ரத்தாவது சகஜம். டிசம்பரும் முழுக்கப் பாதுகாப்பு இல்லை, 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். தைராய்டு, சுகர், வலிப்பு, ஆஸ்துமா மருந்து எடுப்பவர்கள் ஏழு நாளுக்குப் பதில் பதினைந்து நாளுக்கு எடுத்துப்போங்கள், சீட்டோடு. பெட்டியில் வேண்டாம், கைப்பையில்.

அப்புறம், திரும்பி வந்த பின் வரும் காய்ச்சல். மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் நடந்திருந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு, அந்தமானில் அது பழைய பிரச்சினை. டெங்கு, மலேரியாவும் உண்டு. இந்த எலிக்காய்ச்சல், ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதற்குள் வேலைக்குப் போய், மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து, டூரையே மறந்திருப்பீர்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ இருந்தால் இன்னும் கட்டாயமாக, உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் அந்தமான் போய் வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை எழுதுவது என்று முடிவெடுக்க அவருக்கு அது தேவை.