தமிழ்நாட்டில் வேலையில்லா உதவித்தொகை: யாருக்குக் கிடைக்கும், எங்கே சிக்கும்

போன வாரம் வேலை போய்விட்டது, இந்த வாரம் அரசிடம் உதவித்தொகை கேட்கலாமா? தமிழக அரசின் வேலையில்லா உதவித்தொகைத் திட்டத்தில் அதற்கு வழியில்லை. படித்து முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஐந்து ஆண்டு காத்திருந்தும் வேலை அமையாதவர்களுக்கான திட்டம் அது.

தொகையும் பெரிதில்லை. பத்தாம் வகுப்பு எழுதித் தேறாதவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மாதாமாதம் வராது, மூன்று மாதத் தொகை மொத்தமாக வங்கிக் கணக்கில் ஏறும். மூன்று ஆண்டோடு நின்றுவிடும். பட்டதாரி ஒருவர் முழுக் காலமும் வாங்கினால் 21,600 ரூபாய். தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் ஆகும், அவ்வளவுதான். ஆனாலும் தகுதி இருப்பவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கணக்கே வேறு. பதிந்து ஓராண்டு ஆகியிருந்தால் போதும். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய். அதுவும் பத்து ஆண்டுகளுக்கு. குடும்ப வருமான வரம்பும் கிடையாது. ஐந்தாண்டு விதியைக் கேள்விப்பட்டு இவர்கள் காத்திருக்கத் தேவையே இல்லை.

மற்றவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 6,000. வீட்டில் ஒருவர் தினமும் கூலிக்குப் போனாலே தாண்டிவிடுகிற தொகை. இன்றைய விலைவாசிக்கு இந்த வரம்பு பொருந்தவில்லை என்பது என் கருத்து, ஆனால் விதி அதுதான். வயது 40க்குள் இருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இது கிடையாது. கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்கள் கேட்கலாம்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? பெரும்பாலும் பதிவு அட்டையில்தான். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என ஒவ்வொரு தகுதிக்கும் நேரே அதைப் பதிந்த தேதி இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே பிளஸ் டூவைப் பதிந்துவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு அதைச் சேர்க்க மறந்துபோனவர்கள் நிறையப் பேர். அப்படி விட்டால் பட்டதாரிக்கான 600 ரூபாயை எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் பட்டத்துக்கான ஐந்து ஆண்டு இன்னும் எண்ணத் தொடங்கவே இல்லை. உதவித்தொகை வேண்டுமோ வேண்டாமோ, சான்றிதழ் கைக்கு வந்ததும் பதிந்துவிடுங்கள்.

அடுத்தது புதுப்பித்தல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு காலாவதியாகி, சேர்த்து வைத்த பதிவு மூப்பு போய்விடும். புதிதாகப் பதிந்தால் ஐந்து ஆண்டு மறுபடி முதலிலிருந்து. விட்டுப்போனவர்களுக்காக அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதுண்டு, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். புதுப்பிக்க அலுவலகம் போகக்கூட வேண்டியதில்லை, வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே செய்துவிடலாம். முடித்ததும் அட்டையைப் புதிதாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பப் படிவத்தை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள், இணையதளத்திலும் இறக்கிக்கொள்ளலாம். வருமானத்துக்கு வருவாய்த்துறையின் சான்று தேவை. இதற்குத்தான் நாள் பிடிக்கும், அதனால் முதலில் இதை முடியுங்கள். அப்புறம் அசல் கல்விச் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், பதிவு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு நேரில் போக வேண்டும். எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காலாண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் கோரி மாவட்ட நிர்வாகம் அறிவிப்பு விடும், ஐந்து ஆண்டு நிறைந்திருக்க வேண்டிய தேதி அதில் இருக்கும்.

பணம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. வேலையில் இல்லை என்று ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொகை நின்றுவிடும். வேலை கிடைத்துவிட்டால் அதையும் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவை எடுத்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, பதிவு மூப்பு அப்படியே தொடரும்.

இருந்த வேலையை இழந்தவர்களுக்கு வேறு வழி உண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால், இ.எஸ்.ஐ. கழகம் 2018இல் தொடங்கிய, வேலை இழந்தவர்களுக்கான அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா திட்டத்தைக் கேளுங்கள். சராசரி தினசரி ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை. தானாக வேலையை விட்டவர்களுக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் பொருந்தாது. இத்திட்டத்தைக் காலக்கெடு வைத்து நீட்டித்து வருகிறார்கள் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.