டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்: எண்ணிம அலைபரப்பி

கைபேசி போன்ற கருவிகளில் அலையை அனுப்பும் பகுதிதான் டிரான்ஸ்மிட்டர். ‘டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் ‘டிஜிட்டல்’. காரைக்குடிக் கடைத்தெருவில் தராசும் டிஜிட்டல், பேனரும் டிஜிட்டல். கானாடுகாத்தானில் அப்பத்தா ஒருநாள் கேட்டார்கள்: “டிஜிட்டல்னா கரண்டுல ஓடுறதுதானே?” படித்தவர்களும் பலர் அப்படித்தான் நினைத்து ‘மின்னணு’ என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. வால்வு வைத்த பழைய ரேடியோவும் மின்னணுக் கருவிதான். ஆனால் டிஜிட்டல் அல்ல.

லத்தீனில் ‘டிஜிட்டஸ்’ என்றால் விரல். விரல் விட்டு எண்ணிய பழக்கத்தால் இலக்கத்துக்கும் அதே பெயர் வந்தது. அதனால்தான் எண்ணிலிருந்து பிறந்த ‘எண்ணிம’ என்ற சொல்லை விரும்புகிறேன். ‘இலக்கமுறை’யும் சரிதான், கொஞ்சம் நீளம்.

டிரான்ஸ்மிட்டரும் லத்தீன் வழிதான்: ‘டிரான்ஸ்’ என்றால் அப்பால், ‘மிட்டெரே’ என்றால் அனுப்புதல். நேர்ச்சொல் ‘செலுத்தி’. ஆனாலும் ‘அலைபரப்பி’யே எனக்கு நிறைவு. விசிறு, விசிறி போலப் பரப்பு, பரப்பி. வளவில் மிளகாயைப் பரப்புகிற அதே வினை. ‘ஒலிபரப்பி’ மட்டும் வேண்டாம். கைபேசி அனுப்புவது ஒலி மட்டுமா?

சரி, ‘முழு எண்ணிம அலைபரப்பி’ என்றால்? வழக்கமான கைபேசியில் 0, 1 பாதி வழிதான் வரும். பிறகு தொடர் அலையாக மாறி, அலைக்கு வலுவேற்றும் திறன்பெருக்கிக்குப் போகும். பெரிய வீடுகளில் பழைய மின்விசிறி ரெகுலேட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வேகத்தைக் குறைத்தால் பெட்டி சுடும்; மிச்ச மின்சாரம் அங்கே வெப்பமாகப் போகிறது. திறன்பெருக்கியிலும் அதே கதைதான். பெருக்கிகளில் ‘பி’ என்றொரு வகை உண்டு; அதன் செயல்திறன் உச்சத்தில் கோட்பாட்டளவில் 78.5 விழுக்காடு. உச்சத்தின் பத்தில் ஒரு பங்கு திறனில் ஓடும்போது சுமார் 25 விழுக்காடுதான். 4ஜி, 5ஜி அலைகளோ எப்போதாவதுதான் உச்சத்தைத் தொடும். பெரும்பாலும் தாழ்வாகவே ஓடும்.

சுவிட்சில் இந்த வீண் இல்லை. மூடியிருந்தால் மின்னழுத்தம் விழாது, திறந்திருந்தால் மின்னோட்டம் போகாது. இழப்பு மிகக் குறைவு. ஆகவே ஆன்டெனாவுக்கு முன்னுள்ள வடிகட்டி வரை 0, 1 ஆகவே கொண்டுபோய், பெருக்கியையும் சுவிட்சாக்குவதுதான் முழு எண்ணிம அலைபரப்பி.

இரண்டே நிலையில் ஏற்ற இறக்கமுள்ள அலை எப்படி வரும்? அப்பத்தா பின்னிக்கொண்டிருந்த கொட்டானை, அந்த ஓலைக் கூடையைக் காட்டினேன். ஓலை ஒன்று மேலே போகும், அல்லது கீழே போகும். வேறு நிலை கிடையாது. தள்ளி நின்று பார்த்தால் கோலம் தெரிகிறது. டெல்டா-சிக்மா முறை செய்வதும் இதைத்தான். 1962இல் ஜப்பானில் இனோசே, யசுதா குழுவினர் வைத்த பெயர் அது. டெல்டா வேறுபாடு, சிக்மா கூட்டல்; ‘வேறுபாட்டுக் கூட்டல் முறை’ எனலாம். ஒவ்வோர் அடியிலும் வந்த பிழையை எண்ணிக் கூட்டி அடுத்த அடியில் ஈடுகட்டும். மிஞ்சும் இரைச்சலை நம் பட்டைக்கு, அதாவது நம் அலை பயன்படுத்தும் அதிர்வெண் எல்லைக்கு, வெளியே தள்ளும். அதை வடிகட்டி நீக்கும்.

“சின்னக் கோலம் வேணும்னா ஓலைய இன்னும் மெல்லிசா வகுந்துக்கணும்” என்றார்கள் அப்பத்தா. அகலப்பட்டையின் சிக்கல் அதேதான். 4ஜியில் ஓர் அலைத்தடத்தின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வரை. 5ஜியின் கீழ் அலைவரிசைகளில் 100 வரை. பட்டை அகல அகல, இரைச்சலை ஒதுக்கச் சுவிட்ச் இன்னும் வேகமாகத் திறந்து மூட வேண்டும். அந்த ஒவ்வொரு திறப்பு மூடலும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்கிறது.