மேக்ரோ: பெருமமா, குறுநிரலா, தொகையா?

சமையல் குறிப்புகளின் கடைசி வரி பெரும்பாலும் “தாளித்துக் கொட்டி இறக்கவும்” என்று முடியும். மூன்றே சொல்லில் எவ்வளவு வேலையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கரண்டியைக் காயவைக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், உளுத்தம்பருப்பு சிவக்க வேண்டும், மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட வேண்டும், கறிவேப்பிலை, பெருங்காயம், அடுப்பை அணைப்பது என்று ஏழெட்டு வரி எழுதலாம். யாரும் எழுதுவதில்லை. அதே சொல்லை ரசத்துக்குச் சொன்னால் நெய்யும் சீரகமும் வந்துவிடும், தயிர்சாதத்துக்குச் சொன்னால் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்ந்துகொள்ளும். சொல் ஒன்றுதான். எதற்கு என்பதைப் பொறுத்து உள்ளே விரிவது கொஞ்சம் மாறுகிறது.

கணினியில் மேக்ரோ என்பதும் இதுதான். ஒரு பெயரைச் சொன்னால் அதற்குள் மடித்து வைத்த கட்டளைகள் வரிசையாக நடக்கும். வேர்டிலோ லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ தினமும் ஒரே வேலையைப் பத்துத் தடவை செய்கிறவர்கள் இதைத் தேடித்தான் வருகிறார்கள்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘மக்ரோஸ்’ என்றால் நீண்டது. பெரியது என்ற பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டது. தமிழை ரோமன் எழுத்தில் பெயர்க்கும் ஆய்வாளர்கள் ஆ, ஈ, ஊ போன்ற நெடில்களைக் காட்ட, உயிரெழுத்தின் தலைமேல் ஒரு சிறு கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டின் பெயர் மேக்ரான், அதுவும் இந்த வேரில் பிறந்ததுதான். ஆக, மேக்ரோவின் மூத்த பொருள் நம் ‘நெடு’வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதற்கு எதிர்ச்சொல் மைக்ரோ, சிறியது. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்பது ஒரு தொல்லை. மைக்ரோசாப்ட் வேர்டில் மேக்ரோ எழுதுவது எப்படி என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் நோட்டில் மைக்ரோ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கணினிக்கு இந்தச் சொல் வந்தது 1950களில். அப்போது நிரலை எந்திரத்துக்கு மிக அருகிலுள்ள அஸெம்ப்ளி மொழியில், ஒரு வரிக்கு ஓர் எந்திரக் கட்டளையாக எழுதினார்கள். ஒரே பத்து வரிகள் நூறு இடங்களில் திரும்பத் திரும்ப வந்தன. அந்தப் பத்துக்கும் சேர்த்து ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் பத்து வரிகளை நிரப்பிக்கொள்ளும்படி செய்தார்கள். அந்த ஒற்றை வரிக்கு மேக்ரோ இன்ஸ்ட்ரக்ஷன் என்று பெயர், அதாவது பெருங்கட்டளை. பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1960இல், உயர்நிலை மொழிகளிலும் இந்த உத்தியைக் கொண்டுவருவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். போகப்போக இன்ஸ்ட்ரக்ஷன் உதிர்ந்துபோய் மேக்ரோ மட்டும் நின்றது. மொபைல் போன் என்பதில் போன் உதிர்ந்து மொபைல் மிஞ்சியதே, அதே கதை. இப்படி உதிரும்போதுதான் சிக்கலும் வரும். எது பெரியது என்பதைச் சொன்ன பெயர்ச்சொல் போய்விட்டது, ‘பெரிய’ என்ற அடைமொழி மட்டும் தனியே திரிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழாக்கத்துக்கு வரும்போது தேவைப்படும்.

எழுதும் மென்பொருளுக்குள் இந்தச் சொல் நுழைந்த இடங்களில் முக்கியமானது ஈமேக்ஸ். 1976இல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற உரைத்தொகுப்பிக்காக (எடிட்டர்) ஆளுக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்த மேக்ரோக்களை ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் ஒன்றாகத் திரட்டினார்கள். எடிட்டிங் மேக்ரோஸ் என்பதன் சுருக்கமே ஈமேக்ஸ். இங்கே பொருள் கொஞ்சம் நகர்கிறது. முன்பு ஒரு பெயருக்குப் பதிலாகப் பல வரிகளை வைத்தது மேக்ரோ. தொகுப்பிகளிலும் பின்னால் வந்த வேர்ட் போன்ற சொற்செயலிகளிலும், நாம் அழுத்திய விசைகளைப் பதிந்து வைத்துக்கொண்டு மறுபடி அழுத்திக் காட்டுவதும் மேக்ரோ ஆயிற்று.

மூன்றாவது நகர்வு வேர்டில் நடந்தது. 1989இல் வந்த விண்டோஸுக்கான முதல் வேர்டில் வேர்ட்பேசிக் என்ற மொழி இருந்தது. வேர்ட் 97இல் அதை எடுத்துவிட்டு, 1993 முதல் எக்செலில் இருந்துவந்த விபிஏ என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள். லிப்ரே ஆபீஸில் அதற்கென ஒரு பேசிக் மொழி உண்டு, பைத்தான் என்ற மொழியிலும் எழுதலாம். இன்று சொற்செயலியில் மேக்ரோ என்றால் முழுநீள நிரல்தான். ‘பதிவு செய்’ பொத்தானை அழுத்தி எடுத்தாலும் பின்னால் நிரலே உருவாகிறது. அது எப்படி இருக்கும் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். எழுத்துரு உரையாடல் பெட்டியில் நீங்கள் தொட்டது தடித்த எழுத்து ஒன்றை மட்டுமே, ஆனால் அளவு, நிறம், அடிக்கோடு, இடைவெளி என்று பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். அதை அப்படியே வேறொரு பத்தியில் ஓட்டினால் அங்கிருந்த மற்ற வடிவமைப்பும் மாறிப்போகும். பதிந்ததைத் திறந்து வேண்டாத வரிகளைக் களைவது மேக்ரோ கற்பவரின் முதல் பாடம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மேக்ரோ அறிமுகமானது பெரும்பாலும் எழுத்துரு மாற்றத்தால். பழைய கோப்புகள் பாமினி என்ற எழுத்துருவில், திஸ்கி என்ற குறியீட்டில், 1999இல் வந்த டாம், டாப் குறியீடுகளில் கிடக்கின்றன. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல்லிலிருந்து எழுத்துருவை எடுத்துவிட்டால் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். இதைப் பொதுக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவர ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டும். கையால் செய்தால் விடிந்துவிடும். ஒரு மேக்ரோ சில நொடிகளில் முடிக்கும்.

முடிக்கும், ஆனால் வரிசையைச் சரியாகச் சொல்லித் தந்தால். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமித்தன. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி ஒன்றே. மேக்ரோ முதலில் கொம்பையும் க-வையும் சேர்த்துக் ‘கெ’ ஆக்கிவிட்டால், பின்னால் வரும் கால் அனாதையாக நிற்கும். ஆகவே மூன்று துண்டு உள்ளவற்றை முதலில் மாற்றி, பிறகு இரண்டு துண்டு உள்ளவற்றை, கடைசியாகத் தனி எழுத்துகளை மாற்ற வேண்டும்.

இதையும் தாண்டி ஒரு பொறி உண்டு. பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ‘ள’ என்ற எழுத்துக்கும் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வந்தால் அது ‘வௌ’வா, ‘வெள’வா? கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக மாற்றும் மேக்ரோக்கள் பெற்றுப்போட்ட குழந்தைகள்தான் இணையம் முழுக்க அலையும் ‘வௌியீடு’ம் ‘வௌ்ள நிவாரண’மும். ஒரு பள்ளியின் ஆண்டு மலர் அட்டையிலேயே ‘வௌ்ளி விழா’ என்று அச்சாகி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிழை திருத்தியவரைக் குறை சொல்லி என்ன பயன், மேக்ரோவுக்கு அடுத்த எழுத்தையும் பார்க்கச் சொல்லித் தரவில்லை. ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வர முடியாது. ஆகவே ள-வை அடுத்து அவற்றில் ஒன்று இருந்தால் அது எழுத்துத்தான். இந்த ஒரு நிபந்தனையில் பெரும்பாலான பிழை தீர்ந்துவிடும். பேச்சு வழக்கில் ‘வெளங்காதவன்’ என்று எழுதுகிற கதாசிரியர் மட்டும் ‘வௌங்காதவன்’ ஆகித் திரும்புவார், அவருடைய கோப்பைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

விபிஏ பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அதில் நிரல் எழுதும் சன்னலுக்கு யூனிகோடு தெரியாது. தமிழெழுத்தை ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும். எழுத்தின் எண்ணைக் கொடுத்து வாங்க வேண்டும்: அ-வுக்கு 2949, க-வுக்கு 2965. பைத்தானில் இந்த அவதி இல்லை.

மேக்ரோ என்றதும் சில அலுவலகங்களில் முகம் சுளிப்பார்கள். காரணம், மேக்ரோவாகவே எழுதிக் கோப்புக்குள் வைத்த நச்சுநிரல் (வைரஸ்). 1995இல் கான்செப்ட், 1999 மார்ச்சில் மெலிசா. மெலிசா, கோப்பைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலிலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. 2007 முதல் வேர்ட், மேக்ரோ உள்ள கோப்புக்கு டாக்எம் (.docm) என்று தனி வால் கொடுத்தது. 2022இல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது.

இனித் தமிழ்ச்சொல். புழக்கத்தில் இரண்டு கண்ணில் படுகின்றன. ஒன்று ‘பெருமம்’. வேருக்கு விசுவாசமான சொல்தான், ஆனால் உதிர்ந்துபோன பெயர்ச்சொல்லை மறந்துவிட்டு அடைமொழியை மட்டும் மொழிபெயர்த்த சொல். போதாததற்கு, கணக்குப் பாடத்தில் பெருமம், சிறுமம் என்று உச்ச மதிப்புக்கும் தாழ்ந்த மதிப்புக்கும் அது ஏற்கெனவே பட்டா ஆகிவிட்டது. எக்செலில் ‘பெருமம்’ என்றால் உச்ச மதிப்பைக் கேட்கிறார்களா, மேக்ரோவைக் கேட்கிறார்களா?

இன்னொன்று ‘குறுநிரல்’. வேடிக்கை என்னவென்றால், மூலச்சொல் பெரியது என்கிறது, இது குறுகியது என்கிறது. எழுதும் வரிகள் குறைவு என்ற பார்வையில் பொருத்தமே. ஆனால் அந்தச் சொல்லை நான் ஸ்கிரிப்டுக்கு விட்டுவைப்பேன். ஸ்கிரிப்ட், எழுதப்பட்டது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. சினிமாக்காரர்கள் சொல்லும் அதே ஸ்கிரிப்ட்தான், நடிகர் வசனத்தை வரிவரியாகப் படித்து நடிப்பதுபோல் கணினி வரிவரியாகப் படித்துச் செய்கிறது. மேக்ரோ சொற்செயலிக்குள் குடியிருக்கும். குறுநிரல் வெளியேயும் இருக்கலாம். வேர்டைத் திறக்காமலே, பைத்தானில் எழுதிய ஒரு நிரல் நூறு டாக்எக்ஸ் கோப்புகளில் தேதியை மாற்றிவிட்டுப் போகும். அதை யாரும் மேக்ரோ என்று சொல்வதில்லை.

பொருளாதாரத்தில் மேக்ரோவுக்குப் ‘பேரின’, ‘பேரியல்’ என்ற அடைகள் இருக்கின்றன. அங்கே அவை சரி, நாட்டையே மொத்தமாகப் பார்க்கும் இயல் அது. ‘பேரினக் கட்டளை’ என்று இங்கே கொண்டுவந்தால் ஏதோ அரசாணைபோல் இருக்கிறது.

நான் முன்வைக்கும் சொல் ‘தொகைக்கட்டளை’. இலக்கண வகுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘பால்குடம்’ என்றால் பாலை உடைய குடம். ‘ஐ’ என்ற உருபும் ‘உடைய’ என்ற சொல்லும் உள்ளே தொக்கி நிற்கின்றன. ‘மரப்பெட்டி’ என்றால் மரத்தால் செய்த பெட்டி. எழுதுவது தொகை, புரிந்துகொள்ளும்போது விரி. அஸெம்ப்ளர்க்காரர்கள் மேக்ரோவை விரிப்பது என்றும், விரிவு என்றும் சொல்வது இந்தச் செயலையே. ‘ஊறுகாய்’ போன்ற வினைத்தொகை இன்னும் நெருக்கம்: ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று மூன்று காலத்துக்கும் விரியக்கூடிய ஒரே வடிவம், மதிப்பைக் கொடுத்தால் அதற்கேற்ப விரியும் மேக்ரோவைப்போல. பதிந்த விசைகளானாலும் கையால் எழுதிய நிரலானாலும் இந்தப் பெயருக்குள் அடங்கும்.

மறுப்பு ஒன்று உண்டு. தொகை என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது பணம். ‘தொகையை இயக்கு’ என்று வங்கி மென்பொருளில் எழுதினால் வாடிக்கையாளர் அலறிவிடுவார். ஆகவே தனியாகத் ‘தொகை’ வேண்டாம், ‘தொகைக்கட்டளை’ என்றே முழுதாக வரட்டும். கிளைச்சொற்கள் சிரமமில்லாமல் பிறக்கின்றன. பதிவு செய்யும் கருவிக்குக் கட்டளைப்பதிவி, விரிவதற்குத் தொகைவிரிப்பு.

டிடிபி கடையில் போய் இதைச் சொல்லுங்கள் என்று நான் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. அங்கே “அண்ணே, மேக்ரோ ஓட்டிட்டீங்களா?” என்றுதான் கேட்பார்கள், நானும் அப்படித்தான் கேட்கிறேன். கையேடு எழுதும்போது மட்டும் முதல் இடத்தில் ‘மேக்ரோ எனப்படும் தொகைக்கட்டளை’ என்று எழுதிவிட்டு, அப்புறம் வாக்கியத்துக்கு எது பொருந்துகிறதோ அதைப் போட்டுக்கொள்கிறேன்.