பொது ரீசெட் கோட்டுக்குப் பட்டா கிடையாது

போன வாரமும் இப்படி ஒரு லினக்ஸ் டிரைவர் புகார் வந்தது. பென் டிரைவில் பெரிய கோப்பு ஒன்று நகலாகிக்கொண்டிருக்கிறது. அதே சர்க்யூட் பலகையில் ஒருவர் ஓஎச்சிஐ (பழைய, மெதுவான யூஎஸ்பி கட்டுப்படுத்தி) டிரைவரை இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றுகிறார். நகலெடுப்பு அந்த நொடியே நின்றுபோகிறது. கேபிளை மாற்றினார்கள், மின்சாரத்தைச் சந்தேகித்தார்கள், பலகையையே பழுது என்றார்கள். மூன்று நாள் போயிற்று. காரணம் வேறு: அந்தச் சிப்பில் இஎச்சிஐக்கும் (பென் டிரைவ் ஓடும் வேகமான யூஎஸ்பி கட்டுப்படுத்தி) ஓஎச்சிஐக்கும் ரீசெட் கோடு, அதாவது வன்பொருளைத் தொடக்க நிலைக்குத் தள்ளும் கம்பி, ஒன்றுதான். "கர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதியிடம்) அந்தக் கோட்டைக் கேட்டால் ஈபிஸி (EBUSY) பிழை வந்தது, அதனால் சிப்பின் ரெஜிஸ்டரிலேயே நேராக எழுதிவிட்டோம்" என்றார் டிரைவரை எழுதியவர். பூட்டியிருக்கிறது என்பதற்காகச் சுவரை இடித்தது போல!

அந்தப் பிழை வந்ததே, வேறொருவர் அந்தக் கோட்டை ஏற்கெனவே வைத்திருக்கிறார் என்று சொல்லத்தான்.

லினக்ஸில் இந்தக் கோடுகளை நிர்வகிக்கும் ரீசெட் கட்டமைப்பு 2013இல் 3.10 கர்னலோடு வந்தது. பகிர்ந்துகொள்ளும் வசதி 2016இல் 4.7இல் சேர்ந்தது. ஆக, வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வழியைக் காட்டினால் அடுத்த தவறு தொடங்குகிறது: 'எக்ஸ்க்ளூசிவ்' (எனக்கு மட்டும்) என்பதை 'ஷேர்ட்' (பகிர்ந்தது) என்று மாற்றிவிட்டு, புரோபில் (டிரைவர் தொடங்கும் இடத்தில்) பழையபடியே அசெர்ட் (ரீசெட்டில் பிடித்து வைப்பது), சற்றுக் காத்திருப்பு, டீஅசெர்ட் (விடுவிப்பது). என்னை எரிச்சலூட்டுவது இதுதான்.

பகிர்ந்த கோட்டில் அசெர்ட் என்பது கட்டளை அல்ல. "எனக்கு இனி வேண்டாம்" என்ற அறிவிப்பு மட்டுமே. ஒண்டுக்குடித்தனத்தின் நடைவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருபவர் போடுவார், கடைசியாகப் போகிறவர்தான் அணைக்க வேண்டும். கர்னல் வைத்திருப்பது அந்தத் தலை எண்ணிக்கையைத்தான். நீங்கள் அசெர்ட் செய்யும்போது இன்னொரு டிரைவர் உள்ளே இருந்தால், எண்ணிக்கை ஒன்று குறையும், கோடு அசையாது. அழைப்போ பூஜ்யத்தைத் திருப்பித் தரும். வெற்றி என்று நம்பிவிடுகிறீர்கள். உங்கள் ரெஜிஸ்டர்களில் பழைய குப்பை அப்படியே கிடக்கிறது. யாருமே டீஅசெர்ட் செய்யாத நிலையில் அசெர்ட்டை அழைத்தாலோ, கர்னல் பதிவில் எச்சரிக்கை கொட்டும். அந்த எச்சரிக்கையை நீக்கும் பேட்ச் (நிரல் திருத்தம்) கூட எனக்கு வந்திருக்கிறது. என்னத்தைச் சொல்ல!

எனவே, புரோபில் டீஅசெர்ட் மட்டும். ரிமூவில் (டிரைவரை இறக்கும் இடத்தில்) ஓர் அசெர்ட், பிழையால் பாதியில் வெளியேறும் ஒவ்வொரு பாதையிலும் ஓர் அசெர்ட். அதை மறந்தால் எண்ணிக்கை இறங்கவே இறங்காது. வன்பொருள் தொடக்க நிலையில்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். தேவையான ரெஜிஸ்டர்களை நீங்களே எழுதுங்கள், உங்கள் பிளாக்குக்குள் (சிப்பில் உங்கள் டிரைவர் இயக்கும் பகுதிக்குள்) மென்பொருள் ரீசெட் பிட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். உண்மையிலேயே ஒரு ரீசெட் துடிப்பு (பிடித்து உடனே விடுவது) வேண்டுமென்றால் 'ரீசெட் கன்ட்ரோல் ரீசெட்' இருக்கிறது. பகிர்ந்த கோட்டில் அது முதல் முறை மட்டுமே சுடும். மறுபடி சுட வேண்டுமானால், சுட்டவர்கள் எல்லோரும் 'ரீஆர்ம்' (மறுபடி சுடலாம் என்ற ஒப்புதல்) செய்திருக்க வேண்டும். இதை அசெர்ட், டீஅசெர்ட்டோடு கலக்காதீர்கள்.

'ஆப்ஷனல்' (இருந்தால் மட்டும் எடுக்கும்) வகைக்கும் ஒரு வார்த்தை. டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் விவரக் கோப்பில்) ரீசெட் இல்லையென்றால் வெற்றுச் சுட்டி வரும், அது சரி. பிழை வந்தால் அது பிழைதான். புரோப் டிஃபர் ('இன்னும் தயாரில்லை, பிறகு வா' என்ற பிழை) வந்ததை "ரீசெட் இல்லை போலும்" என்று விழுங்கிவிட்டுப் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

ஜிபிஐஓ காலில் (மென்பொருள் ஏற்றி இறக்கும் சிப் காலில்) இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைக் கட்டியிருப்பவர்களே, உங்களுக்கும் இதே கதைதான். ஒரே காலை இரண்டு டிரைவர்களும் எண்ணிக்கையில்லாமல் இழுத்தால், ஒரு ஸ்பீக்கரை அணைக்கும்போது மற்றதும் ஊமையாகும். 2024இல் வந்த 6.9 கர்னலிலிருந்து பொது ரீசெட் காலையும் இதே கட்டமைப்பு எண்ணிக்கொள்கிறது.

தயவுசெய்து பேட்ச் விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: இந்தக் கோட்டை வேறு எந்தெந்தப் பிளாக்குகள் பகிர்கின்றன என்று. சிப் கையேட்டைத் திறந்து பத்து நிமிடம் தேடினால் கிடைத்துவிடும்.